கமிட் யார் கையில்?

"கிளையன்ட் இலவசம்தானே சார், அப்புறம் இந்த வரியில எதுக்கு இவ்வளவு தொகை?"

கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு கொள்முதல் பிரிவில் இப்படிக் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் எனக்கு இந்தத் தொழில் பிடிபட்டது. கிண்டி தொழிற்பேட்டையில், கீழே லேத் பட்டறையும் மேலே கணினியுமாக இருந்த ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் எங்கள் அலுவலகம். 1958-இல் சிறுதொழிலுக்காகத் தொடங்கப்பட்ட பேட்டை அது. நாங்கள் குடிபோன காலத்தில் ஒரு தெருவில் இரும்பு சீவும் சத்தமும் அடுத்த தெருவில் ஒலிம்பியா டெக் பார்க்கின் கண்ணாடிச் சுவருமாக மாறிக்கொண்டிருந்தது. வங்கி, காப்பீடு, பங்குத் தரகு, சரக்குப் போக்குவரத்து என்று நகரத்தில் பல அலுவலகங்களுக்கு மென்பொருளை விற்று, நிறுவி, பராமரிப்பது எங்கள் பிழைப்பு. என் பங்குக்கு வந்தது எம்.க்யூ.

1993-இல் எம்.க்யூ.சீரீஸ் என்று ஐ.பி.எம். வெளியிட்டது, 2002-இல் வெப்ஸ்பியர் எம்.க்யூ. ஆனது, 2014-இல் வெறும் ஐ.பி.எம். எம்.க்யூ. என்று ஆனது. பெயர் எத்தனை முறை மாறினாலும் களத்தில் இருப்பவர்களுக்கு அது எம்.க்யூ.தான். அதன் வேலையைச் சொல்வது எளிது. ஒரு நிரல் ஒரு செய்தியை வரிசையில் போடும். இன்னொரு நிரல் தனக்கு நேரம் கிடைக்கும்போது எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டியதில்லை. இடையில் இருக்கும் க்யூ மேனேஜர் செய்தியை வட்டில் எழுதிவைத்துக் காக்கும். தொலைக்காது, இருமுறை கொடுக்காது. பணம் சம்பந்தப்பட்ட இடங்களில் இந்த இரண்டு உறுதிமொழிகளுக்காகத்தான் இதை வாங்குகிறார்கள். ஐதராபாத்தில் உள்ள ஐ.டி.ஆர்.பி.டி. நிறுவனம் 2001-இல் எஸ்.எஃப்.எம்.எஸ். என்ற வங்கிச் செய்தி அமைப்பைக் கொண்டுவந்தது. ரிசர்வ் வங்கியின் ஆர்.டி.ஜி.எஸ். 2004 மார்ச்சிலும், நெஃப்ட் 2005 நவம்பரிலும் தொடங்கின. அவற்றோடு பேச வங்கிகள் தங்கள் பக்கத்தில் வைத்த கேட்வேக்களில் எம்.க்யூ. வந்து உட்கார்ந்தது. சென்னையில் எங்களைப் போன்ற சின்ன நிறுவனங்களுக்கும் வேலை வந்தது அதனால்தான்.

இனி அந்தக் கொள்முதல் கேள்விக்கு வருகிறேன். எம்.க்யூ.வில் சர்வர் உண்டு, கிளையன்ட் உண்டு. சர்வர் என்றால் க்யூ மேனேஜர், வரிசைகள், வட்டில் எழுதும் லாக் எல்லாம் சேர்ந்தது; அதற்கு உரிமக் கட்டணம் உண்டு. கிளையன்ட் என்பது ஒரு நூலகம் மட்டுமே. அதனிடம் வரிசையும் கிடையாது, லாக்கும் கிடையாது. நிரல் சொல்வதை 1414-ஆம் போர்ட் வழியாகத் தொலைவில் உள்ள க்யூ மேனேஜரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதற்குக் காசில்லை, இறக்கிக்கொள்ளலாம். அந்த அளவில் கேள்வி கேட்டவர் சொன்னது சரி.

கொட்டேஷனில் இருந்த வரி வேறு. எக்ஸ்டெண்டட் டிரான்சாக்ஷனல் கிளையன்ட் என்று அதற்குப் பெயர். எம்.க்யூ. 5.3 பதிப்பின் காலத்தில் தனிப் பொருளாக வந்தது. அடிப்படைக் கிளையன்டின் மேல் ஏறி உட்காரும் சின்னப் பொதிதான். விலையோ ஏறக்குறைய முழு சர்வருக்கு உள்ள விலை.

எதற்காக அந்த விலை? வரிசையிலிருந்து ஒரு பணப் பரிமாற்றச் செய்தியை எடுத்து, ஆரக்கிள் தரவுத்தளத்தில் ஒருவர் கணக்கில் வரவு வைக்கும் நிரலை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வேலை, இரண்டு இடம். முதலில் தரவுத்தளத்தில் கமிட் செய்துவிட்டு, அதாவது செய்ததை நிலைப்படுத்திவிட்டு, வரிசையில் கமிட் செய்வதற்குள் இயந்திரம் விழுந்தால், செய்தி வரிசைக்குத் திரும்பிவிடும். நிரல் எழுந்ததும் அதே வரவை மறுபடி வைக்கும். மாற்றிச் செய்தால், செய்தி போய்விடும், வரவு வராது. 2012-இல் சென்னையில் தினம் இரண்டு மணி நேரம் மின்வெட்டு. யு.பி.எஸ். பாட்டரி ஓய்ந்துபோய், ஜெனரேட்டர் எடுக்கத் தாமதமாகி, சர்வர் அறை அப்படியே அணைவதை நேரில் பார்த்த எங்களுக்கு இந்த 'விழுந்தால்' புத்தக உதாரணமாகத் தோன்றியதில்லை.

இதற்கான தீர்வை ஜிம் கிரே 1978-இலேயே எழுதிவைத்தார்: இரண்டு கட்டக் கமிட். பத்திரப் பதிவு அலுவலகத்தில் சார்பதிவாளர் செய்வதுதான் அது. விற்பவரிடமும் வாங்குபவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் கேட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இருவரும் சரி என்ற பிறகே முத்திரை வைப்பார். ஒருவர் தயங்கினாலும் பதிவு இல்லை. தரவுத்தளமும் க்யூ மேனேஜரும் இரு தரப்பு. சார்பதிவாளர் இடத்தில் இருப்பது டிரான்சாக்ஷன் மேனேஜர். இவர்கள் எந்த முறையில் பேசிக்கொள்ள வேண்டும் என்பதை 1991-இல் எக்ஸ் ஓப்பன் அமைப்பு எக்ஸ்.ஏ. என்ற பெயரில் வரையறுத்தது. அடிப்படைக் கிளையன்டுக்குத் தன் வரிசை வேலையை மட்டும் கமிட் செய்யத் தெரியும். இன்னொருவரோடு சேர்ந்து கையெழுத்துப் போடத் தெரியாது. காசு கொடுத்து வாங்கும் பொதி அதைச் சொல்லித்தரும்.

இந்த இடத்தில்தான் பலருக்குச் சறுக்கும். அந்தப் பொதி டிரான்சாக்ஷன் மேனேஜர் அல்ல. நிரலும் க்யூ மேனேஜரும் ஒரே இயந்திரத்தில் இருந்தால் க்யூ மேனேஜரே அந்த வேலையைச் செய்துகொள்ளும். கிளையன்டாக வெளியிலிருந்து வந்தால் செய்யாது, எம்.க்யூ.பிகின் என்று அழைத்தால் 2012 என்ற பிழை எண்ணைத் திருப்பித் தரும். வெப்ஸ்பியர் அப்ளிகேஷன் சர்வரோ, வெப்லாஜிக்கோ, டக்ஸிடோவோ, சி.ஐ.சி.எஸ்ஸோ ஏதாவது ஒன்று வெளியிலிருந்து நடுவராக நிற்க வேண்டும்.

ஒரு பங்குத் தரகு அலுவலகத்தில் இந்தப் பொதியை வாங்கி வைத்திருந்தார்கள். நிறுவப் போனேன். ஓடிக்கொண்டிருந்தது டாம்கேட். "இதுல டிரான்சாக்ஷன் மேனேஜர் எது சார்?" என்று கேட்டேன். "அதுக்குத்தானே இத வாங்கியிருக்கோம்" என்றார் தொழில்நுட்பத் தலைவர். டாம்கேட்டில் அப்படி ஒன்று கிடையாது. நடுவரே இல்லாத இடத்தில் கையெழுத்துப் போடும் உரிமையை மட்டும் வாங்கியிருந்தார்கள். மார்ச் மாதக் கடைசியில், பட்ஜெட் காலாவதியாகும் முன் ஏதாவது வாங்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில் போன ஆர்டர் அது.

உரிமத்தின் கணக்கு தனிக் கலை. 2006 முதல் ஐ.பி.எம். செயலியின் மதிப்பை அலகாகப் பிரித்தது. பி.வி.யு. என்போம். அன்றைய சாதாரண இன்டெல் குவாட்-கோர் என்றால் ஒரு கோருக்கு 50. அப்படி இரண்டு செயலி உள்ள சர்வரில் எட்டுக் கோர், 400 அலகு. அந்த இயந்திரத்தைத் தூக்கிவிட்டு ஜியான் 5500 வரிசையில் இரண்டு சாக்கெட் இயந்திரம் வாங்கினால் கோருக்கு 70. அதே எட்டுக் கோருக்கு 560 அலகு. மென்பொருளில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, கையில் உள்ள உரிமத்தில் 160 அலகு பற்றாக்குறை. வன்பொருள் வாங்கும் குழுவும் மென்பொருள் வாங்கும் குழுவும் வேறு வேறு மாடியில் இருக்கும் நிறுவனங்களில் இது யாருக்கும் தெரியாமலே நடக்கும். மெய்நிகர் இயந்திரமாக இருந்தால், அதற்கு ஒதுக்கிய கோர்களுக்கு மட்டும் கட்டலாம், ஆனால் ஐ.எல்.எம்.டி. என்ற அளவிடும் கருவியை நிறுவி, அறிக்கைகளைச் சேமித்து வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அடியில் இருக்கும் முழுப் பெட்டிக்கும் கணக்கு.

நிறுவும் வேலை சுருக்கமானது. லினக்ஸில் 7.0 என்றால், ரூட்டாக நுழைந்து உரிம ஸ்கிரிப்டை ஓட்டி ஒப்புதல் கொடுக்க வேண்டும். பிறகு ரன்டைம், எஸ்.டி.கே., கிளையன்ட், கடைசியில் அந்தக் கட்டணப் பொதியான டி.எக்ஸ்.கிளையன்ட் என்று ஆர்.பி.எம். பொதிகளை வரிசையாக ஏற்ற வேண்டும். கழற்றும்போது தலைகீழ் வரிசை. கிளையன்டும் டி.எக்ஸ்.கிளையன்டும் ஒரே ஃபிக்ஸ் பேக் அளவில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் ஏற்றிவிட்டு மற்றதை மறந்தால் பின்னால் வரும் பிழைகளுக்கு அர்த்தமே புரியாது. எம்.க்யூ.எம். என்ற பயனரையும் குழுவையும் நிறுவலே உருவாக்கிவிடும். ஆனாலும் எல்லா இயந்திரத்திலும் ஒரே எண் இருக்கும்படி முன்கூட்டியே உருவாக்கி வைப்பது நல்லது. சி நிரல் என்றால் வழக்கமான எம்.க்யூ.ஐ.சி. நூலகத்துக்குப் பதில் எம்.க்யூ.சி.எக்ஸ்.ஏ. நூலகத்தோடு இணைக்க வேண்டும். ஜாவா என்றால் எம்.க்யூ.இ.டி.கிளையன்ட் என்ற ஒரு ஜார் கோப்பு கூடுதலாக வந்து உட்காரும்.

அந்த ஒப்புதல் ஸ்கிரிப்ட் நீங்கள் காசு கட்டினீர்களா என்று பார்ப்பதில்லை. எந்த சர்வரையும் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரிப்பதும் இல்லை. ஆகவே, "ஒரு ஜார்தானே சார், அந்த மெஷின்லேர்ந்து இதுக்கு காப்பி பண்ணிட்டா போச்சு" என்று சொல்லும் இளைஞர்களை எல்லா இடத்திலும் சந்தித்திருக்கிறேன். வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் உரிமம் கோப்பில் இல்லை, ப்ரூஃப் ஆஃப் என்டைட்டில்மென்ட் என்ற காகிதத்தில் இருக்கிறது. தணிக்கை வரும்போது சர்வர் பட்டியலையும் அந்தக் காகிதத்தையும் பக்கத்தில் வைத்து எண்ணுவார்கள். "தம்பி, காப்பி பண்றது ஒரு நிமிஷம். இந்தப் பெட்டியில இது ஏன் இருக்குன்னு ரெண்டு வருஷம் கழிச்சு யார் சொல்றது?" என்பேன்.

நிறுவி முடித்ததும் பெரும்பாலானோர் ஏ.எம்.க்யூ.எஸ்.புட்.சி. என்ற மாதிரி நிரலை ஓட்டி ஒரு செய்தி போட்டுப் பார்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். சேனலும் போர்ட்டும் சரி என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிக்காது. காசு கொடுத்து வாங்கிய பகுதியைத் தொட்டே பார்க்கவில்லை. நான் செய்துவந்த சோதனை வேறு. செய்தியை எடுத்து, தரவுத்தளத்தில் வேண்டுமென்றே விதி மீறும் ஒரு பதிவைச் செருகச் சொல்வேன். தரவுத்தளம் மறுக்கும். உடனே வரிசையைப் பார்த்தால் செய்தி திரும்பி வந்து நிற்க வேண்டும், அதன் பேக்அவுட் எண்ணிக்கை ஒன்று கூடியிருக்க வேண்டும். அடுத்தது, நடு ஓட்டத்தில் நிரலைக் கொன்றுவிட்டுப் பார்ப்பது. மூன்றாவது, நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பார்ப்பது. இந்த மூன்றும் தேறிய பிறகுதான் அந்த இடத்தில் டிரான்சாக்ஷன் இருக்கிறது என்று நம்புவேன்.

இவ்வளவும் இருந்தும், ஒரு நிறுவனத்தில் திங்கள் காலை அலறல். வரிசையின் ஆழம் முந்நூறுக்கு மேல் காட்டுகிறது, நிரலோ 2033 என்று திருப்பி அனுப்புகிறது. 2033 என்றால் 'எடுக்கச் செய்தி இல்லை'. இருக்கிறது, ஆனால் இல்லை. "எம்.க்யூ. பைத்தியம் பிடிச்சிடுச்சு சார்" என்று தொலைபேசியில் சொன்னார்கள். எம்.க்யூ. தெளிவாகத்தான் இருந்தது. ஆழத்தைக் காட்டும் எண்ணில் கமிட் ஆகாத செய்திகளும் சேரும். நிரலுக்கு அவை கண்ணில் படாது. டி.எஸ்.பி.எம்.க்யூ.டி.ஆர்.என். கட்டளையைக் கொடுத்தால், வெளி நடுவரின் முடிவுக்காகக் காத்து நிற்கும் பரிவர்த்தனைகள் வரிசையாக வந்தன. இன்-டவுட் என்று பெயர். 'சம்மதம்' என்று சொல்லிவிட்டு முத்திரைக்காகக் காத்திருப்பவை.

நடுவர் ஏன் திரும்பி வரவில்லை? அப்ளிகேஷன் சர்வரின் வட்டு நிரம்பியிருந்தது. ஞாயிறு இரவுப் பணியில் இருந்தவர் பெரிய லாக் கோப்புகளைத் தேடி அழித்திருக்கிறார். அழித்ததில் டிரான்லாக் அடைவும் ஒன்று. யாருக்குக் கமிட் சொல்ல இருந்தோம், யாருக்குச் சொல்லவில்லை என்று டிரான்சாக்ஷன் மேனேஜர் எழுதிவைத்திருந்த குறிப்பு அது. லாக் என்ற பெயரைப் பார்த்துப் பழைய குப்பை என்று நினைத்துவிட்டார். சர்வர் மீண்டும் எழுந்தபோது அதற்கு எதுவும் நினைவில்லை.

ஆர்.எஸ்.வி.எம்.க்யூ.டி.ஆர்.என். கட்டளையால் ஒவ்வொன்றையும் கையால் கமிட் செய்யலாம், அல்லது பின்வாங்கச் சொல்லலாம். எதைச் சொல்வது என்று கட்டளைக்குத் தெரியாது. மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். தரவுத்தள நிர்வாகி அவர் பக்கத்தில் காத்திருந்தவற்றைப் பட்டியலிட்டார், கணக்குப் பிரிவிலிருந்து ஓர் அம்மா ரசீதுகளைக் கொண்டுவந்தார், மூவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். எந்த வரிக்கு என்ன முடிவு என்று எழுதி, அவர்கள் அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிய பிறகே கட்டளையைத் தட்டினேன். அடுத்தவர் பணத்தில் என்டர் தட்டும் அதிகாரம் எந்தச் சப்போர்ட் இன்ஜினியருக்கும் கிடையாது.

அனுபவம் கூடக் கூட, நான் விற்பதைவிடத் தடுப்பது அதிகமானது. எங்கள் விற்பனைப் பிரிவுக்கு அதில் வருத்தம்தான். வங்கிப் பரிமாற்றச் செய்தி ஒவ்வொன்றிலும் யு.டி.ஆர். எண் இருக்கிறது, நெஃப்டில் 16 எழுத்து, இன்றைய ஆர்.டி.ஜி.எஸ்ஸில் 22. ஒன்று போல் இன்னொன்று வராது. தரவுத்தளத்தில் அந்த எண்ணுக்கு ஒரு யுனிக் இண்டெக்ஸ் போட்டுவிட்டு, முதலில் தரவுத்தளக் கமிட், பிறகு வரிசைக் கமிட் என்று எழுதினால் போதும். நடுவில் இயந்திரம் விழுந்து அதே செய்தி மறுபடி வந்தாலும், இரண்டாவது வரவைத் தரவுத்தளமே தள்ளிவிடும். நிரல் அந்த மறுப்பைப் பார்த்து, 'இது ஏற்கெனவே முடிந்தது' என்று செய்தியை எடுத்துப் போட்டுவிடலாம். நடுவர் வேண்டாம், உரிமம் வேண்டாம், இன்-டவுட் இல்லை. நான் பார்த்த இடங்களில் பாதிக்கு மேல் இதுவே தாங்கும். இரண்டு தரவுத்தளங்கள், பழைய நிரல்கள், மாற்ற முடியாத அட்டவணைகள் என்று சிக்கிக்கொண்ட இடங்களில்தான் எக்ஸ்.ஏ. நிஜமாகவே தேவைப்பட்டது.

இன்னொரு கேள்வியும் கேட்பேன்: சர்வர் விலைக்கு அருகில் கொடுத்து ஏன் கிளையன்ட் வாங்குகிறீர்கள்? நிரல் இருக்கும் பெட்டியிலேயே ஒரு க்யூ மேனேஜர் வைத்துவிட்டால், நடுவர் வேலையை அதுவே பார்க்கும்; இணைப்பு அறுந்தாலும் செய்தி உள்ளூர் வரிசையில் பத்திரமாக நிற்கும். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு பொங்கி, ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை என்று எங்கள் பேட்டையைச் சுற்றி நீர் நின்றபோது, அந்த வித்தியாசம் கண்ணெதிரே தெரிந்தது. உள்ளூரில் க்யூ மேனேஜர் வைத்திருந்தவர்கள், வெளியூர் டேட்டா சென்டருக்கு இணைப்பு இல்லாத நேரத்திலும் செய்திகளைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். இணைப்பு வந்ததும் சேனல் தானாக எழுந்து எல்லாவற்றையும் தள்ளிவிட்டது. கிளையன்டை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு முதலில் 2009, இணைப்பு முறிந்தது. பிறகு 2538, எதிர்முனை கிடைக்கவில்லை. கிளையன்டிடம் வரிசை கிடையாது என்று கொட்டேஷன் காலத்தில் சொன்னதன் பொருள் அன்று எல்லோருக்கும் புரிந்தது.

2012-இல் 7.5 வெளியானபோது அந்தத் தனிப் பொதியின் கதை முடிந்தது. எக்ஸ்.ஏ. வசதி சாதாரண கிளையன்டுக்குள்ளேயே, கட்டணமின்றி வந்துவிட்டது. கொள்முதல் பிரிவில் அந்த வரியும் மறைந்தது, அதைப் பற்றிய கேள்வியும் மறைந்தது. வாடிக்கையாளருக்கு நல்லது, நான் மறுக்கவில்லை. ஆனால் காசு கேட்ட காலத்தில், 'இது எதற்கு, இல்லாமல் முடியாதா, யார் நடுவர்' என்று ஒருமுறையாவது ஒரு கூட்டம் நடந்தது. விலை போனதும் அந்தக் கூட்டமும் போயிற்று. இன்று ஒரு பெட்டியில் டிக் அடித்தால் எக்ஸ்.ஏ. இயங்கத் தொடங்கிவிடும், டிரான்லாக் எங்கே எழுதப்படுகிறது என்று அணியில் யாருக்கும் தெரிவதில்லை. கன்டெய்னரில் ஓடும் அப்ளிகேஷன் சர்வரில், கன்டெய்னர் அழிந்தால் கூடவே அழியும் தற்காலிக வட்டில் டிரான்லாக்கை வைத்திருப்பதை இப்போதும் பார்க்கிறேன். அன்று ஞாயிறு இரவில் ஒருவர் தெரியாமல் செய்ததை, இன்று ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் தானாகச் செய்யும்படி அமைத்திருக்கிறார்கள்.

அன்று அதைச் சரிசெய்ய நேரம் இருந்தது. இரவில் நெஃப்ட் ஓடாது; ஞாயிறு விடுமுறை. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்டும், 2020 டிசம்பர் 14 முதல் ஆர்.டி.ஜி.எஸ்ஸும் ஆண்டு முழுக்க, நாள் முழுக்க ஓடுகின்றன. மூன்று பேர் உட்கார்ந்து ரசீதை ஒப்பிடும் நேரத்தில் அடுத்த ஆயிரம் செய்திகள் வந்து நிற்கும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். கிளையன்டை நிறுவுவது அரை மணி நேர வேலை. கையேட்டைப் பார்த்து யாரும் செய்யலாம். நிறுவும் முன் மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். கமிட் யார் கையில்? அவர் தன் குறிப்பை எந்த வட்டில் எழுதுகிறார்? நடுவில் நின்றுபோனால், கமிட்டா பின்வாங்கலா என்று முடிவெடுக்கும் மனிதர் யார், அவர் தொலைபேசி எண் என்ன? பதில் வரவில்லை என்றால் எக்ஸ்.ஏ.வைத் தொடாதீர்கள், யுனிக் இண்டெக்ஸ் போட்டு எளிமையாக எழுதச் சொல்லுங்கள். மென்பொருள் இலவசமாகிவிட்டது என்பதற்காக இந்தக் கேள்விகளை விட்டுவிடாதீர்கள்.